சம்பளமில்லாத சுவரொட்டிக்காரர்

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. சாவகச்சேரி வைத்தியசாலையிலிருந்து பேஸ்புக் நேரலை போட்டுப் பெயரெடுத்த டொக்டர் அர்ச்சுனா, பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லாமல் சுயேச்சைக் குழுவில் நின்று வென்றார். முடிவு வந்த நாளிலிருந்து எங்கட பெரியவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "பெடியள் போனைப் பார்த்து வோட்டைப் போட்டிட்டாங்கள்."

தோற்றவர்களுக்கு இது நல்ல சாட்டு. அதே ஆண்டு செப்ரெம்பரில் சனாதிபதித் தேர்தல் நடந்தது. தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்ற அரியநேத்திரன் தமிழரசுக் கட்சிக்காரர். தமிழரசுக் கட்சி ஆதரவு கொடுத்ததோ சஜித் பிரேமதாசவுக்கு. இந்தக் கூத்தைப் பார்த்துச் சனம் வெறுத்துப்போக ரிக்ரொக் எதற்கு?

தெற்கிலும் இதே கதைதான். அநுர குமார திசாநாயக்க 2019இல் எடுத்தது 3 சதவீதம். 2024இல் 42 சதவீதம். இடையில் பேஸ்புக் புதிதாகவா வந்தது? இடையில் வந்தது பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, இருட்டு. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கும் போட்டு, பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் மறித்துப் பார்த்தது. அன்றும் ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். கோபம் முதலே இருந்தது. இணையம் அதை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனது, அவ்வளவுதான்.

அதுக்காக "இணையம் வந்திட்டுது, இனி அரசியல் மக்கள் கையில்" என்று துள்ளுபவர்களோடும் ஒத்துப்போக ஏலாது. நேரலையும் ஒருவகை லவுட்ஸ்பீக்கர்தான். வேட்பாளர் பேசுவார், நாங்கள் இதயம் அனுப்புவோம். கேள்வி கேட்டவனின் கொமென்ட் கீழே புதைந்துபோகும், இல்லாவிட்டால் ஆளையே புளொக் பண்ணிவிடுவார்கள்.

காசுக் கணக்கையும் பாருங்கோ. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. 2024 சனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் கணக்குக் காட்டவேண்டும். பணம் கட்டிப் போடும் விளம்பரத்தை அந்தக் கணக்கில் எழுதலாம். நீங்களும் நானும் இரவு பதினொரு மணிக்குக் குடும்பக் குறூப்பில் தட்டிவிடும் வீடியோவை எந்தக் கணக்கில் எழுதுவது? முந்திச் சுவரொட்டி ஒட்டுகிற பெடியனுக்குப் பசை வாளியோடு ஒரு சாப்பாட்டுப் பார்சலாவது கிடைத்தது. எங்களுக்கு அதுவும் இல்லை.

பொய்யைத் தடுக்கவென்று 2024 சனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஒரு ஆணைக்குழுவின் கையில் கொடுக்கிறது. அதை நம்பி இருந்தால் பொய்யோடு சேர்த்து எங்கட வாயும் அடைபடும். பொய்யை மறிக்கவேண்டிய முதல் ஆள், ஷெயார் பண்ணும் ஆள்தான்.

ஆகவே அடுத்தமுறை ஒருவரின் வீடியோவைப் பகிர முதல் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கோ. கஷ்டமான கேள்வி தேவையில்லை. வடக்கு மாகாணசபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். "அடுத்தது எப்ப? அதுக்கு நீங்கள் பாராளுமன்றத்தில் என்ன செய்வீங்கள்?" இதைப் பத்துப் பேர் ஒரே நேரலையில் கேட்டுப் பாருங்கோ. பதில் சொன்னால் தாராளமாகப் பகிருங்கோ. கேள்வியை அழித்தால் அழித்ததை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பகிருங்கோ. அதுவும் பிரசாரம்தான், ஆனால் எங்கட பிரசாரம்.