மெருகில் அழியும் சாசனங்கள்

பழைய படைத்துறைத் துப்பாக்கிகளைச் சீரமைப்பது பல நாடுகளில் மதிப்புமிக்க பொழுதுபோக்கு. துருவைச் சுரண்டி, கட்டையை உப்புத்தாளால் தேய்த்து, இரும்புக்குப் புதுக் கருநீலம் ஏற்றினால் பணி முடிந்ததெனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அங்கே ஓர் ஆவணம் அழிக்கப்படுகிறது.

கொல்கத்தாவை அடுத்த இஷாப்பூர் தொழிற்சாலையில் உருவான .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தவற்றில் மகுடமும் மன்னரின் பெயரெழுத்துகளும் பொறிக்கப்பட்டன. குடியரசுக்குப் பிந்தையவற்றில் அசோகச் சிங்கங்கள் அமர்ந்தன. ஆட்சி மாறிற்று, பட்டறையும் துப்பாக்கியின் வடிவமும் தொடர்ந்தன. இந்தத் தொடர்ச்சிக்கு அந்த முத்திரைகளே சான்று. ஆண்டு, தொடரெண், சோதனையாளர் குறி ஆகியனவும் உலோகத்திலும் மரத்திலும் மேலோட்டமாகவே பதிந்துள்ளன. சில நிமிடத் தேய்ப்பே அவற்றை மழுக்கப் போதும்.

இன்னும் கூர்மையான சான்று 1858ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி. 1857 எழுச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென வழங்கப்பட்ட இது, தோற்றத்தில் 1853 என்ஃபீல்டையே ஒத்தது. ஆனால் குழலின் உட்புறத்தில் குறிதவறாமைக்குரிய சுருள்பள்ளங்கள் இல்லை. அறியாதவர் அதைத் தேய்மானம் என்பார். அது தேய்மானமன்று; தன் சிப்பாய்களை நம்பாத பேரரசு இரும்பில் எழுதிய வாக்குமூலம். அதைக் 'குறை' எனக் கண்டு திருத்துபவர் வரலாற்றையே திருத்துகிறார்.

துருவை அப்படியே விடலாமா என்று கேட்பது நியாயமே. விடக்கூடாது, துருவும் எழுத்தைத் தின்னும். ஆனால் எண்ணெயிட்டு மென்மையாகத் துருவை நீக்குவது வேறு, உலோகத்தையே அரைத்தெடுப்பது வேறு. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிப்பவர் சிதைவைக் குறித்துக் காட்டுகிறார். விடுபட்ட அடியைத் தாமே இயற்றி நிரப்புவதில்லை. அந்த ஒழுக்கமே இங்கும் தேவை.

இந்தியாவில் இதற்கொரு தனிப்பொருளும் உண்டு. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருள் ஆயுதங்களுக்கே விலக்கு அளிக்கிறது. எனவே அத்தகைய துப்பாக்கியை மீண்டும் சுடவைப்பது இங்கே நோக்கமாக இருக்க முடியாது. அதைப் படிப்பது ஒன்றே எஞ்சுகிறது. கொலைக்கருவிக்கு ஏன் இத்தனை அக்கறை என்போருக்கும் இதுவே விடை: பளபளப்பு ஆயுதத்தை அழகாக்கி வன்முறையை மறக்கச் செய்கிறது, தழும்பும் முத்திரையும் அது யாருடைய கையில், யாருக்கு எதிராக இருந்தது என்று கேட்கத் தூண்டுகின்றன.

2020 குடியரசு நாளில் உத்தரப் பிரதேசக் காவல்துறை .303 துப்பாக்கிக்கு விடைகொடுத்தது. இவ்வாறு ஓய்வுபெறும் ஆயுதங்கள் உலைக்கோ காட்சிப்பேழைக்கோ செல்லுமுன், அவற்றின் பொறிப்புகளைப் படமெடுத்துப் பட்டியலிடுவது வரலாற்றுத் துறைகளின் கடமை. கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கத் தெரிந்த நாட்டுக்கு இது அரிய வேலையன்று.