கடனா, சில்லறையா?



கணக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்குக் கை நடுங்குகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தால் போதும், பிறகு கணக்கே இல்லாத பிரிவில் சேர்ந்துவிடலாம் என்று காத்திருக்கும் தோழியர் என் வகுப்பில் பலர் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தியாகவே இருந்தேன். இந்த அச்சம் எங்கே பிறந்தது என்று எண்ணிப் பார்த்தேன். இயற்கணிதத்தில் அல்ல, முக்கோணவியலில் அல்ல; மூன்றாம் வகுப்புக் கழித்தலிலே பிறந்தது!

52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். "இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று அப்போது எனக்குச் சொல்லித் தந்தார்கள். 5-ஐ அடித்து 4 என்று எழுதினோம், 2 பன்னிரண்டாகிவிட்டது. "ஒன்றைத்தானே கடன் வாங்கினோம், பத்து எப்படி வந்தது? வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "சொன்னதைப் போடு" என்பதே எனக்குக் கிடைத்த பதில். அன்று முதல் சொன்னதைப் போட்டேன், புரிந்துகொள்ள முயலவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது சென்ற ஆண்டு, திருவெண்ணெய்நல்லூர்க் கடைத்தெருவில். கீரை விற்கும் என் பாட்டி பள்ளி வாசலை மிதித்தறியாதவர். அன்று அவர் கையில் ஐந்து பத்து ரூபாய்த் தாள்களும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும் இருந்தன. ஒருவருக்கு 27 ரூபாய் கொடுக்க வேண்டும். பாட்டி ஒரு பத்து ரூபாய்த் தாளைப் பக்கத்துக் கடையில் கொடுத்துப் பத்து நாணயங்களாக வாங்கினார். பன்னிரண்டு நாணயங்களில் ஏழு போக ஐந்து, நான்கு தாள்களில் இரண்டு போக இரண்டு, மீதி 25. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மூன்றாம் வகுப்புக் கணக்கு!

"கடன் வாங்கினியா பாட்டி?" என்றேன்.

"கடன் எதுக்குடி? நம்ம பணத்தைத்தான் சில்லறை மாத்தினேன்" என்றார்.

எட்டு வயதில் எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வாக்கியந்தான். அரசுப் பாடநூலும் இதனை 'இனமாற்றம்' என்றே அழைக்கிறது. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக இனம் மாறுகிறது. நூல் சரியாகச் சொல்லியும் நம் நாவு 'கடன்' என்பதை விடவில்லை.

தொடக்கப் பள்ளிக் கணக்கு பொருளில் தொடங்கிக் குறியீட்டில் முடியவேண்டும் என்பதே என் கருத்து. இது புதுமையன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று மனப்பாடம் செய்தார்கள். 320-இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பின்னங்களை ஒப்பித்தார்கள். ஆனால் அந்தப் படியும் மரக்காலும் வீட்டு முற்றத்திலே இருந்தன; நாவு சொன்னதைக் கை அளந்தது. இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் முறையில் குழந்தைகள் மணிகளைக் கொண்டு எண் கற்கிறார்கள். தனி மணி ஒன்று; பத்து மணி கோத்த கம்பி பத்து. கம்பியைக் கொடுத்துப் பத்து மணிகளை வாங்குவது அங்கே ஒரு விளையாட்டு. பாட்டி செய்ததும் அதுதானே!

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 27-10-2021 அன்று நம் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையறிந்து கற்பிப்பது அதன் வழி. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படிக்கும் என் தம்பி குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டியும் அவிழ்த்தும் கழித்தல் போடுகிறான். கட்டை அவிழ்த்தால் பத்துக் குச்சி வருவதை அவன் கண்ணால் காண்கிறான். அவனுக்கு என் கேள்வி எழவே இல்லை.

"அப்படியானால் வாய்பாடு வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று உடனே வராதவள் பெரிய கணக்கில் வழியிலேயே களைத்துவிடுவாள். ஆனால் எட்டு எட்டாக ஏழு வரிசை புளியங்கொட்டைகளை அடுக்கிப் பார்த்தபின் ஒப்பிக்கும் வாய்பாடு மறக்காது. மறந்தாலும் அவளே மீண்டும் கண்டுபிடித்துக்கொள்வாள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கெல்லாம் நேரமேது என்பதும் நியாயமான கேள்வியே. கழித்தலுக்கு ஒரு வாரம் கூடுதலாகச் செலவாகலாம். செலவிடாவிட்டால் பத்தாம் வகுப்புவரை அச்சத்தைச் சுமக்கவேண்டியிருக்கிறதே!

நாமும் ஒன்று செய்யலாம். வீட்டிலுள்ள தம்பி தங்கையரைக் கடைக்கு அழைத்துச் சென்று மீதிச் சில்லறையை அவர்களையே எண்ணச் செய்வோம். அவர்கள் "ஏன்?" என்று கேட்டால் சிரிக்காதிருப்போம். "உனக்குக் கணக்கு வராது" என்று ஒரு குழந்தையிடம் சொல்வது, ஆண்டவர் அவளுக்குத் தந்த தாலந்தை நாமே குழிதோண்டிப் புதைப்பதாகும்.

நான் இப்போது கணக்குள்ள பிரிவிலேயே சேரலாமென்று எண்ணியிருக்கிறேன். என் பாட்டிக்கு அது என்ன பிரிவென்று தெரியாது. ஆனால் எனக்கு முதல் கணக்கு ஆசிரியை அவர்தான்.

— பத்தாம் வகுப்பு மாணவி