வீட்டுத்தோட்டம்: வளவில் ஒரு மாதுளை



கத்தரி, மிளகாய், கீரை என்று சில மாதங்களில் பலன் தரும் பயிர்களையே நாம் வழமையாகச் செய்கின்றோம். அவற்றுடன், ஆண்டுக்கு ஆண்டு காய்க்கும் பழமரம் ஒன்றும் வளவில் நிற்க வேண்டும். இடம்பெயர்ந்து திரும்பிய பலர் தமது வளவில் நின்ற மா, பலா, தென்னை எல்லாவற்றையும் இழந்தவர்கள். அவற்றை மீண்டும் நட்டுப் பலன் காணப் பல வருடங்கள் செல்லும். அதுவரை காத்திருக்காமல், தடி நட்டு இரண்டாம் மூன்றாம் வருடத்திலேயே பழம் பறிக்கக்கூடியது மாதுளை.

மாதுளை பெருமரமாக வளராது, பற்றையாக நிற்கும். எனவே சிறிய வளவுக்கும் பொருந்தும். கடும் வெயிலைத் தாங்கும். ஓரளவு உவர்த் தண்ணீரையும் தாங்கும். செம்மண்ணிலும் மணற்றரையிலும் வளரும். தண்ணீர் தேங்கும் நிலம் மட்டும் ஆகாது. அப்படியான இடத்தில் ஓர் அடி உயரத்திற்கு மண்ணை மேடாக்கி நட வேண்டும்.

குழி வெட்டுமுன்

போர் 2009இல் முடிந்தது. ஆயினும் மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருட்களின் ஆபத்து எல்லா இடங்களிலும் நீங்கிவிடவில்லை. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணியில் மண்வெட்டியோ அலவாங்கோ போட வேண்டாம். வெட்டும்போது சந்தேகமான பொருள் ஏதும் தென்பட்டால் தொடாமல், பிள்ளைகளையும் கிட்ட விடாமல், வந்த வழியே விலகிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ (119) அறிவியுங்கள்.

தடி எடுத்தல்

விதை போட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது. ஆகவே, இனிப்பான பழம் காய்க்கும் மரமொன்று அயலில் நின்றால் அதில் தடி கேளுங்கள். பென்சில் மொத்தமான முற்றிய கிளையை 8 முதல் 10 அங்குல நீளத்திற்கு வெட்டுங்கள். மேல்மண், மணல், கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து பொலித்தீன் பையில் நிரப்பி, தடியின் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். தலைகீழாக ஊன்றிவிடாதபடி அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். பைக்கு அடியில் துளைகள் இருக்க வேண்டும்.

பைகளை நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர்விடும். எல்லாத் தடியும் பிடிக்காது. ஒரு கன்று தேவையென்றால் நான்கு தடி ஊன்றுங்கள். ஜூன், ஜூலையில் ஊன்றினால் மாரி மழை தொடங்கும்போது நடக் கன்று தயாராகிவிடும்.

நடுதலும் கவ்வாத்தும்

நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில், இரண்டு அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டுங்கள். அடியில் பொச்சுமட்டைகளை அடுக்கி, மேல்மண்ணுடன் மக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்பி நடுங்கள். இரண்டு கன்றுகளுக்கிடையே 10 முதல் 12 அடி விடுங்கள். ஆடு, மாடு கடிக்காதபடி சுற்றிக் கூடு கட்டுங்கள்.

மூன்று நான்கு தண்டுகளை மட்டும் விட்டு, அடியிலிருந்து கிளம்பும் மற்றக் குருத்துகளை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும். முதல் வருடத்தில் வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். கன்று பலப்பட அது உதவும்.

பூ உதிர்கிறதா?

மாதுளையில் இருவகைப் பூக்கள் உண்டு. அடிப்பகுதி குடம்போல் உருண்டு இருப்பது காயாகும். மணிபோல் அடி ஒடுங்கி இருப்பது உதிர்ந்துவிடும். அது இயற்கை, மருந்து அடிக்கத் தேவையில்லை.

காய் வெடிப்பது ஏன்?

பலர் கவலைப்படும் விடயம் இது. நோயென்று நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். பல நாள் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றும்போது உள்ளே முத்துகள் திடீரெனப் பருக்கின்றன; காய்ந்த தோல் விரிய முடியாமல் வெடிக்கின்றது. ஆகவே கோடையில் கொஞ்சமாக, ஆனால் தவறாமல் ஊற்றுங்கள். அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரைப் பயன்படுத்தலாம். சவர்க்காரத் தூள் கலந்த தண்ணீர் வேண்டாம். அடியில் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். தூரத்துக் கிணற்றில் அள்ளுபவர்கள், பூச்சு இல்லாத மண்பானையை மரத்தருகே கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பலாம். நீர் மெல்லக் கசிந்து வேருக்குச் சேரும். நுளம்பு பெருகாதபடி பானையை மூடிவையுங்கள்.

காயைத் துளைக்கும் புழுவும் உண்டு. ஒரு வண்ணத்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடுவதால் இது வருகின்றது. பிஞ்சு தேசிக்காய் அளவு ஆகுமுன்னரே பழைய மெல்லிய துணியால் பை தைத்துக் கட்டிவிட்டால் காய் தப்பும். அணிலிடமிருந்தும் ஓரளவு காக்கலாம். துளை விழுந்த காய்களை மரத்தில் விடாமல் பறித்து அழியுங்கள். தொல்லை அதிகமென்றால் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

பழமும் பயனும்

பூத்து ஐந்து, ஆறு மாதத்தில் பழம் முற்றும். உருண்டைக் காய் சற்றுக் கோணலாகி, சுண்டினால் கணீரென்று ஒலிக்கும்போது காம்போடு வெட்டி எடுங்கள். வெடிக்காத பழம் குளிர்ந்த இடத்தில் சில வாரங்கள் கெடாது. அதனால் நல்ல விலை வரும்வரை வைத்து விற்கலாம். வெடித்ததைப் பிள்ளைகளுக்கு உடனே கொடுங்கள்.

மாதுளை இரத்தம் ஊறச் செய்யும் என்பர். அதில் இரும்புச்சத்து குறைவு. ஆனால் அதிலுள்ள உயிர்ச்சத்து சி, முருங்கையிலை போன்ற கீரைகளின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். எனவே கீரைச் சோற்றுடன் பழத்தையும் உண்ணுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை நிறுத்த வேண்டாம். வயிற்றோட்டத்துக்குத் தோலை அவித்துக் குடிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் பிள்ளைக்கு வயிற்றோட்டமென்றால் ஜீவனி கொடுத்து வைத்தியரிடம் கொண்டுசெல்வதே முறை. வேர்ப்பட்டை நஞ்சுத்தன்மை உள்ளது. கைவைத்தியமாகப் பாவிக்கக் கூடாது.

ஒன்றிரண்டு மரத்தால் குடும்பச் செலவு முழுவதும் தீராது. பிள்ளைகள் விலை கொடுக்காமல் பழம் உண்பார்கள். மிஞ்சியது கொப்பி, பென்சிலுக்கு உதவும். இதற்கெனக் கடன் எடுக்க வேண்டாம். கிழமைத் தவணைக்கு ஏற்றபடி மரம் காய்க்காது. தடி அயலில் கிடைக்கும், எரு வீட்டில் சேரும், துணி பழையது போதும். உங்கள் மரம் வளர்ந்து கவ்வாத்துச் செய்யும்போது வெட்டும் தடிகளை எறியாமல், புதிதாகக் குடிவந்த அயலவருக்குக் கொடுங்கள்.