மேடையில் நிற்கும் பைக், ரோட்டுக்கு வரும் பைக்

பைக் ஷோவுக்குப் போய்விட்டு வந்த ஸ்போர்ட்ஸ் பைக் பார்ட்டி யாரையாவது பிடித்து "எப்படிய்யா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "செம மச்சி!" என்பது முதல் பதில். அடுத்தது போனில் எண்பது போட்டோ. இன்னும் கொஞ்சம் கிளறினால் எத்தனை பிஎஸ், என்ன கலர், எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். "சரி, அது எப்போ வருது? என்ன விலை? மேடையில இருந்த மாதிரியேதான் வருமா?" என்று கேளுங்கள். ஆசாமி டீ குடிக்க ஆரம்பித்துவிடுவார் :-)

இந்தக் கேள்வியை நான் ஏன் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், ஷோவில் பார்த்த பைக்குக்காகக் காத்திருப்பது நம்ம பசங்களுக்கு ஒரு தீராத வியாதி. ஓடிக்கொண்டிருந்த வண்டியை விற்றுவிட்டு, புது வண்டிக்கு முன்பணம் சேர்த்துக்கொண்டு, வருஷக்கணக்கில் பஸ்ஸில் போன ஆட்களை எனக்குத் தெரியும். காத்திருந்தது வந்ததா இல்லையா என்று பிற்பாடு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சும்மா ஒரே ஒரு ஷோவை எடுத்துக் கணக்குப் பார்ப்போமா?

2014 பிப்ரவரி. ஆட்டோ எக்ஸ்போவின் வண்டிகள் எல்லாம் டெல்லி பிரகதி மைதானத்தை விட்டு கிரேட்டர் நொய்டாவுக்குக் குடிபெயர்ந்த வருஷம். நான் அப்போது ப்ளஸ் டூ. அடுத்த மாதம் பப்ளிக் எக்ஸாம், பிசிக்ஸ் புத்தகத்துக்கு நடுவில் பல்சர் எஸ்எஸ்400 படம். கேடிஎம் 390 வம்சத்து எஞ்சினோடு, முழு ஃபேரிங் போட்ட பல்சர்! கிளாஸில் பாதிப் பேர் அதை மனசுக்குள் புக் பண்ணிவிட்டார்கள். அந்த வண்டி கடைசி வரை கடைக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற சிஎஸ்400 வந்தது. எப்போது? 2016 டிசம்பரில், டோமினார் 400 என்ற பெயரில். அதற்கு ஃபேரிங் கிடையாது.

அதே ஷோவில் ஹீரோ ஹெச்எக்ஸ்250ஆர் காட்டியது. அமெரிக்காவின் எரிக் ப்யூல் ரேஸிங்கோடு கைகோத்த காலம் அது. 2015 ஏப்ரலில் ப்யூல் கம்பெனி கடனில் மூழ்கிக் கதவைச் சாத்தியது, 250ஆரும் அதோடு போச்சு. (ஹீரோவின் எக்ஸ்ட்ரீம் 250ஆர் 2025 ஜனவரி டெல்லி ஷோவில்தான் 1.80 லட்சத்துக்கு வந்தது. அதுவும் ஃபேரிங் இல்லாத வண்டி.) யமஹா ஆர்25 இந்தோனேசியாக்காரர்களுக்குக் கிடைத்தது, நமக்கு இல்லை. 2015-இல் நமக்கு வந்தது அதன் அண்ணன் ஆர்3, விலை மூணேகால் லட்சம். 250 சிசி விலையைக் கணக்குப் போட்டு வைத்திருந்தவன் கால்குலேட்டரை மூடி வைத்தான்.

ஆக, நாங்கள் வாயைப் பிளந்து பார்த்த ஃபேரிங் வண்டிகள் மூன்று. அந்த மூன்றில் ஒன்றுகூட நம்ம ஊர் ஷோரூமுக்கு வரவில்லை.

இதில் கம்பெனிகளைத் திட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. ஷோ நடக்கிற காலத்தைப் பாருங்கள், பாதி விளங்கிவிடும். மிலன் நகரத்து ஐக்மா 1914-இல் ஆரம்பித்த ஷோ, நடப்பது நவம்பரில். அங்கே குளிர்காலத்தில் முக்கால்வாசிப் பேர் வண்டியைப் போர்த்தி வைத்துவிடுவார்கள். வசந்தம் வந்ததும் கடைக்குப் போவார்கள். அதனால் நவம்பர் மேடையில் நிற்பதில் பெரும்பாலானது நாலைந்து மாதத்தில் விற்க வேண்டிய சரக்கு. 2017 நவம்பரில் மிலனில் காட்டிய டுகாட்டி பனிகாலே வி4 அடுத்த வருஷமே ரோட்டில். அங்கேயும் கனவு வண்டிகள் உண்டு, ஆனால் ஷோ அடிப்படையில் அடுத்த சீசனின் விலைப்பட்டியல் மாதிரி.

நமக்கு அப்படி ஒரு சீசன் கிடையாது. வருஷம் பூரா ஓட்டுகிறோம், ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ வாங்குகிறோம். ஆட்டோ எக்ஸ்போ நடந்ததோ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஜனவரி பிப்ரவரியில். அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கூட்டத்தை இழுக்க வேண்டும் என்றால் வரப்போவது, வரலாம் என்று நினைப்பது, வரவே போகாதது எல்லாத்தையும் ஒரே மேடையில் ஏற்றினால்தான் ஆகும். மூன்றுக்கும் ஒரே லைட்டு, ஒரே பாட்டு. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்ப்பது நம்ம வேலை.

சொன்னபடி வந்த வண்டியும் இருக்கிறது, அதையும் சொல்லணும். 2016 ஷோவில் டிவிஎஸ் காட்டிய அகுலா 310. ரஷ்ய மொழியில் அகுலா என்றால் சுறா. உடம்பு முழுக்க கார்பன் ஃபைபர், நேரே டிராக்கில் இருந்து வந்த மாதிரி. 2017 டிசம்பர் 6-ஆம் தேதி அது அப்பாச்சி ஆர்ஆர் 310 ஆக வந்தது. பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து செய்த 312 சிசி எஞ்சின், 34 பிஎஸ், விலை 2.05 லட்சம். நம்ம ஓசூர் தயாரிப்பு என்பதில் எனக்குக் கொஞ்சம் ஓவராகவே பெருமை. ஆனால் கார்பன் ஃபைபர் மேடையோடு நின்றுவிட்டது. கடைக்கு வந்ததில் கண்ணாடி, நம்பர் பிளேட், பின்சீட்டுக்காரர் கைப்பிடி எல்லாம் சேர்ந்துகொண்டன. சேர்ந்துதான் ஆகணும். பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. சுறா என்றாலும் சாரி கார்டு கட்டித்தான் ரோட்டுக்கு வரணும் :-)

என் வண்டிக் கதையும் இந்த ரகம்தான். ஆர்15 வி3 2018 ஆட்டோ எக்ஸ்போவில் 1.25 லட்சத்துக்கு வந்தது. நான் அப்போது காலேஜ் கடைசி வருஷம். இந்தோனேசியாவில் அதே வண்டிக்கு முன்னாடி தலைகீழ் ஃபோர்க். இங்கே சாதா ஃபோர்க். தங்கக் கலர் ஃபோர்க் வராததற்கு ஹாஸ்டல் ரூமில் ஒரு இரங்கல் கூட்டமே நடந்தது. ஆனால் அன்றைக்கு வந்த வண்டியில் ஏபிஎஸ் இல்லை என்பதைப் பற்றி அந்த ரூமில் ஒருத்தன் வாய் திறக்கணுமே! 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி ஏற்கெனவே தெரிந்ததுதான். ரெண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள வி3 2019 ஜனவரியில் வந்தது. நான் வாங்கியது அதை. ஃபோர்க் போட்டோவில் தெரியும். ஏபிஎஸ் மழை பெய்த ரோட்டில், குறுக்கே நாய் வந்தால்தான் தெரியும். ஷோ அபிப்பிராயங்களில் எனக்கு இருக்கிற பெரிய கோபமே இதுதான். உயிரைக் காப்பாற்றுகிற சமாச்சாரங்களுக்கு லைட் அடித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

2025 ஜனவரியில் டெல்லி பாரத் மண்டபத்தில் நடந்த பாரத் மொபிலிட்டி எக்ஸ்போவுக்கு (ஆட்டோ எக்ஸ்போ இப்போது அதற்குள்தான்) நாங்கள் மூணு பேர் போயிருந்தோம். நான் ஆர்15, ஒருத்தன் ஆர்சி 390, இன்னொருத்தன் நிஞ்சா 300. அஞ்சாறு வருஷம் ஓட்டினவன் ஷோவில் வேற மாதிரி நடந்துகொள்வான் என்பதை அங்கே பார்த்தேன். கூட்டம் பூரா வண்டி முகத்தோடு செல்ஃபி எடுக்க, ஆர்சிக்காரன் பின்னாடி போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். செயின் அட்ஜஸ்டர் எப்படி இருக்கு, ஆயில் ஃபில்டர் எந்தப் பக்கம், ஸ்பார்க் பிளக் மாற்ற ஃபேரிங்கில் எத்தனை ஸ்க்ரூ கழற்றணும். ஏதோ தொலைத்துவிட்டான் என்று நினைத்து ஒருத்தர் டார்ச் அடித்து உதவ வந்தார். நிஞ்சாக்காரனுக்கு ஒரே கேள்விதான்: "பிரேக் லீவர் என்ன விலை?" வண்டி ஒரு தடவை நின்ற இடத்திலேயே சாய்ந்தாலும் முதலில் உடைவது அதுதானே. ஸ்டால் பையன் பாவம், கலர்களின் பெயரை மனப்பாடமாகச் சொன்னான். லீவருக்கு, "டீலர்கிட்ட கேளுங்க சார்."

ஏறி உட்கார்ந்து பார்க்கும் சடங்குக்கு வருவோம். வண்டியை மேடையோடு சேர்த்துப் பிடித்து நிமிர்த்தி வைத்திருப்பார்கள். அல்லது ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி இருக்கும். முதல் வகையில் வண்டியின் எடை உங்களுக்குத் தெரியாது. ரெண்டாவதில் சீட் உயரமும் தப்பாகத் தெரியும். உட்கார்ந்து பத்து செகண்டில் "பாஸ், இறங்குங்க பாஸ்" என்று பின்னாடி குரல். பத்து செகண்டில் எல்லா சீட்டும் சொகுசுதான், எங்க தெரு திண்ணை உட்பட. கிளிப்-ஆன் ஹேண்டிலின் சேதி நாற்பதாவது நிமிஷத்தில், பெருங்குடி சிக்னலில்தான் மணிக்கட்டுக்கு வந்து சேரும். ஹைவேயில் வேகமாகப் போகும்போது எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், கைக்குப் பாரம் குறையும். ஊருக்குள் காற்று ஏது? முழுப் பாரமும் கையில். போதாததற்கு ரேடியேட்டர் ஃபேன் வேற தொடைக்கு ஆவி பிடிக்கும்.

அதனால் நாங்கள் ஒரு கூத்து பண்ணினோம். மூணு பேரும் லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டே வண்டி ஏறினோம். ஆபீஸுக்குப் போகிற கோலம். ஏறியதும் ஹேண்டிலில் இருந்து ரெண்டு கையையும் எடுத்துவிட்டு, முதுகும் வயிறும் தாங்குகிறதா என்று பார்ப்பது. உடம்பு டப்பென்று முன்னாடி சரிந்தால், தினமும் அந்தப் பாரத்தைச் சுமக்கப் போவது மணிக்கட்டு. சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பின்சீட்டையும் பார்க்க நினைத்தோம், பாதி வண்டிகளில் மூடி போட்டு மறைத்திருந்தார்கள். (என் ஆர்15 பின்சீட்டை எங்க அம்மா "பலகை" என்றுதான் சொல்வார். கோயிலுக்கு வரச்சொன்னால் ஷேர் ஆட்டோவில் வருகிறேன் என்பார்.)

அன்றைக்கு உருப்படியான விஷயம் கிடைத்தது வெளியே டீக்கடையில். ஹரியானா நம்பர் போட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் பைக், ஃபேரிங்கில் கீறல், செயினில் காய்ந்த சேறு. ஓனரோடு எங்கள் ஓட்டை இந்தியில் அரைமணி நேரம் பேசினோம். டயர் எத்தனை கிலோமீட்டருக்கு வந்தது, ஜூன் மாச வெயிலில் எப்படி, கீழே விழுந்தபோது எது உடைந்தது, பார்ட்ஸ் எத்தனை நாளில் வந்தது, எல்லாத்துக்கும் பதில் வைத்திருந்தார். உள்ளே நிற்கிற புது மாடலைப் பற்றிக் கேட்டோம். "நல்லா இருக்கு, ஒரு வருஷம் யாராவது ஓட்டட்டும்" என்றார். மனுஷன்!

அப்போ ஷோவே வேண்டாமா என்றால், வேண்டும் என்பேன். 2023 எக்ஸ்போவுக்கு ஹீரோ, பஜாஜ், டிவிஎஸ், ராயல் என்ஃபீல்டு, ஹோண்டா டூவீலர் என்று முக்கியமான ஆட்கள் முழு அளவில் கடை போடவில்லை. கம்பெனிகளுக்கு இப்போது சொந்தத் திருவிழா பிடித்துவிட்டது. டிவிஎஸ்ஸுக்கு மோட்டோசோல், என்ஃபீல்டுக்கு மோட்டோவெர்ஸ், ரெண்டும் கோவாவில். நல்ல கொண்டாட்டம்தான், ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் ஏற்கெனவே மாலை போட்ட பக்தர்கள். ஒரு வண்டியில் இருந்து இறங்கி, பத்தடி நடந்து போட்டி வண்டியில் ஏறிப் பார்க்கும் வசதி பொது ஷோவில்தான் உண்டு. அது போய்விட்டால் நமக்கு மிஞ்சுவது டீசர் வீடியோ.

இதில் வரி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-இல் இருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேலே போனால் 40. ஆர்ஆர் 310, நிஞ்சா 300, ஆர்3 எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். 373 சிசி ஆர்சி 390 அந்தப் பக்கம். ஷோ அட்டையில் பிஎஸ்ஸை மட்டும் படிக்கிற பசங்க இனிமேல் சிசியையும் படிக்கணும், இஎம்ஐ கட்டப்போவது அதற்கும் சேர்த்துத்தான்.

ஷோக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. அன்றைக்கு என் கையில் மூணு லோன் நோட்டீஸ் திணித்தார்கள். 9,700 ஆர்பிஎம்மில் 34 பிஎஸ் என்று எழுதி விற்ற வண்டியை எங்கே போய் அந்த ஆர்பிஎம்முக்குத் திருகுவது என்று ஒரு நோட்டீஸும் சொல்லவில்லை. சென்னைக்குப் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. ரெண்டிலும் ரோட்டு வண்டிக்காரர்களுக்குப் பயிற்சி நாட்கள் நடந்திருக்கின்றன. லோன் பேப்பரோடு அதற்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இல்லாவிட்டால் ஞாயித்துக்கிழமை விடிகாலை ஈசிஆர்தான் டிராக். அங்கே மீன்கூடை வைத்த டிவிஎஸ் எக்ஸெல்லும் நடை பழகுகிற பெரியவர்களும் எதிரே வருவார்கள்.

நிஞ்சாக்காரன் டெல்லியில் இருந்து திரும்பின கையோடு வண்டிக்கு ரெண்டு டயரும் மாற்றிவிட்டான். புது பைக் எதுவும் புக் பண்ணவில்லை. ஆர்சிக்காரன் மட்டும் அந்த எண்பது போட்டோவை இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். எல்லாமே செயின் அட்ஜஸ்டர்.