தேர்வுச் சுதந்திரம் யாருக்கு?

அச்சகம், மருந்துக் கடை, கூட்டுறவுச் சங்கம் எதுவாயினும் இன்று இணையமின்றி ஒரு நாளும் இயங்க இயலாது. ஜிஎஸ்டி கணக்கையும் இ-வே பில்லையும் கட்டாயமாக்கியது ஒன்றிய அரசு. ஆனால் அதற்குத் தேவையான இணைப்பைச் சந்தையில் தேடிக்கொள் என்று அதே அரசு கைகழுவுகிறது.

சந்தை என்ன தருகிறது? பெருநிறுவனத்திற்கு லீஸ்டு லைன்: தனக்கென ஒதுக்கப்பட்ட தடம், பதிவேற்றத்திற்கும் பதிவிறக்கத்திற்கும் ஒரே வேகம், பழுதைக் குறித்த நேரத்திற்குள் நீக்குவதாக எழுத்துப்பூர்வ உறுதி. சிறுவணிகருக்கோ பலரும் பகிர்ந்துகொள்ளும் கண்ணாடி இழை இணைப்பு. ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்ற விளம்பரம். சூது முழுவதும் அந்த ‘வரை’யில்தான் இருக்கிறது. இழை எட்டாத சிற்றூருக்குச் செல்பேசிக் கோபுரமே கதி. நெரிசல் நேரத்தில் அதன் வேகம் தவழும். பணம் உள்ளவருக்கு உத்தரவாதம், இல்லாதவருக்கு அதிர்ஷ்டம். இதற்குத்தான் தேர்வுச் சுதந்திரம் என்று பெயர்!

இது தற்செயல் அல்ல. 2016 செப்டம்பரில் இலவசத்தோடு ஜியோ களமிறங்கியபோது, பிஎஸ்என்எல்லிடம் 4ஜி அலைக்கற்றை இல்லை. 2019 அக்டோபரில்தான் ஒதுக்கீட்டுக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மறுசீரமைப்பு என்ற பெயரில் 2020 ஜனவரி 31 அன்று சுமார் 78,000 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு 4ஜி கருவிகளுக்கான டெண்டரும் ரத்தானது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலான 4ஜி சேவை நாடு முழுவதற்கும் 2025 செப்டம்பரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கைகால்களைக் கட்டிவிட்டு ஓடச் சொல்லி, பின்தங்கிவிட்டாய் என்று ஏளனம் செய்வதே ஆட்சியாளர்களின் வாடிக்கை.

பொதுத்துறை பலவீனப்பட்டால் என்ன நிகழும் என்பதை 2024 ஜூலை காட்டியது. தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் செல்பேசிக் கட்டணங்களை உயர்த்தின. மக்கள் பணத்தில் பதித்த பாரத்நெட் இழைகளையும் பிஎஸ்என்எல் கோபுரங்களையும் 2021இன் பணமாக்கல் திட்டப் பட்டியலில் சேர்த்தது மோடி அரசு.

மாற்று இல்லையா? இருக்கிறது. இணையம் குடிமக்களின் உரிமை என அறிவித்த கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. அரசு அலுவலகங்களுக்கு இணைப்பு, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதே அதன் இலக்கு.

பிஎஸ்என்எல் சேவையில் குறைகள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆள் இல்லாமல் பழுது எப்படி நீங்கும்? எனவே கோரிக்கை தெளிவானது: காலிப் பணியிடங்களை நிரப்பு, ஒவ்வோர் ஊராட்சிக்கும் பொதுத்துறை இழையைக் கொண்டு செல், பெருநிறுவனத்திற்கு உள்ள சேவை உத்தரவாதத்தைச் சிறுவணிகருக்கும் எழுத்தில் வழங்கு!

வணிகர்களையும் தொலைத்தொடர்பு ஊழியர்களையும் இக்கோரிக்கைகளின் பின் அணிதிரட்டுவது நமது கடமை, தோழர்களே.