கடிகாரத்தை நம்பாதீர்கள்

'ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ்' வீடியோ கேமில் விண்கலத்தை நீங்களே கட்டி நீங்களே ஓட்ட வேண்டும். ப்ராக் நகரத்து கீன் சாஃப்ட்வேர் ஹவுஸ் 2019-ல் முழுசாக வெளியிட்டது.

இதில் பலர் செய்யும் அபத்தம், மின்சாரத்தை டைமர் பிளாக்கிடம் ஒப்படைப்பது. பத்து நிமிஷம் பேட்டரிகளை 'ரீசார்ஜ்' செய், அப்புறம் பழையபடி மாற்று. ஆஹா, ஆட்டோமேடிக்!

எல்லா பேட்டரியும் ரீசார்ஜில் இருக்கும்போது சோலார் பேனல் மேல் நிழல் விழுந்தால்? கரன்ட் தர ஆளில்லை. திரும்ப மாற்ற வேண்டிய டைமரும் அதே கரன்ட்டில்தான் ஓடுகிறது. சாவியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டின கதை.

டைமருக்கு நேரம் தெரியும், சார்ஜ் தெரியாது. 2023-ல் சேர்த்த ஈவென்ட் கன்ட்ரோலர் பேட்டரியின் அளவைப் பார்த்து வேலை செய்யும். அதை வையுங்கள். கூடவே ஒரு சின்ன ரியாக்டரில் யுரேனியம் போட்டு, எந்த டைமரும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

விளையாட்டுதானே என்கிறீர்களா? 1970-ல் அப்போலோ 13-ன் ஆக்ஸிஜன் டாங்க் வெடித்து ஃப்யூயல் செல்கள் செத்தன. பூமிக்கு இறங்குவதற்கென்று இருந்த பேட்டரிகளைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

கடைசிக் கரன்ட்டைக் கடிகாரத்திடம் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான்.