உருகாமல் ஒட்டும் உலோகங்கள்

பழனி மலையடிவாரத்தில் உள்ளது பாலசமுத்திரம். அவ்வூர்த் தோட்டமானாலும் சரி, உங்கள் ஊர்த் தோட்டமானாலும் சரி, பம்புசெட் அறைகளில் இரண்டு உலோகங்கள் சந்திப்பதைக் காணலாம். மின்கம்பத்திலிருந்து வரும் கம்பி பெரும்பாலும் அலுமினியம். மோட்டாருக்குள் இருப்பது பெரும்பாலும் செம்பு. இரண்டையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை என்பதே என் கருத்து.

ஏன் தெரியுமா? அலுமினியத்தின்மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் பட்டால் இரு உலோகங்களும் சிறு மின்கலம்போல் ஆகி, அலுமினியம் அரிக்கப்படும். சூட்டில் அலுமினியம் செம்பைவிட அதிகம் விரிவதால் நாளடைவில் பிடி தளரும். மின்தடை கூடி இணைப்பு கருகும். மூன்று பேஸில் ஒன்று அறுந்தாலும் மோட்டாரின் காயில் எரிந்துபோகக்கூடும், பயிர் வாடும்.

அப்படியானால் இரண்டையும் உருக்கி ஒட்டலாமே என்பீர்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். உருகிக் கலந்தாலோ எளிதில் நொறுங்கும் சேர்மங்கள் உண்டாகும்.

இங்கேதான் உராய்வுப் பற்றவைப்பு கைகொடுக்கிறது. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு பிறக்கிறதல்லவா? அதே தத்துவந்தான். ஓர் உலோகத் தண்டை வேகமாகச் சுழற்றி, மற்றொன்றை அதன்மீது அழுத்துவார்கள். உரசும் முகங்கள் உருகாமலே இளகும். ஆக்சைடும் அழுக்கும் ஓரத்தில் பிதுங்கி வெளியேறும். சுழற்சியை நிறுத்தி இறுக அழுத்தினால் சில நொடிகளில் இரண்டும் ஒன்றாகிவிடும். நொறுங்கும் சேர்மம் அதிகம் வளர நேரம் கிடைப்பதில்லை.

இவ்வாறு ஒட்டிய ‘பைமெட்டாலிக் லக்’ கடைகளில் கிடைக்கிறது. அதன் அலுமினியப் பக்கத்தில் அலுமினியக் கம்பியையும், செம்புப் பக்கத்தில் செம்பு முனையையும் இணைக்கலாம். உலோகம் மாறும் இடத்தில் காற்றோ ஈரமோ புக இடைவெளியே இல்லை. இத்தகைய பற்றவைப்பு முறைகளை ஆராய்வதற்கென்றே திருச்சியில் பெல் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்கிவருகிறது.

அறிவியல் ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. பம்புசெட் அறை வரை வரவேண்டும். லக்கின் விலையைப் பார்த்துத் தயங்குவோர், மறுபடி காயில் கட்டும் செலவையும் கணக்குப் பார்க்கட்டும். நீங்கள் மின்கம்பியைத் தொடவே வேண்டாம். ஆனால் எலக்ட்ரீஷியன் வரும்போது, “அண்ணே, அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் என்ன லக் போடுகிறீர்கள்?” என்று கேளுங்கள். நீங்கள் படித்த உராய்வுக்கும் மின்வேதியியலுக்கும் அந்த ஒரு கேள்வியே நல்ல பயன்.